பிள்ளைகளோடு கப்பல் பயணம்: குளச்சல் வாசகிக்குப் பதில்

வாசகியின் கடிதம்: குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஏப்ரல் நடுவில் நாற்பது நாள் விடுப்பில் வருகிறார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. பிள்ளைகளைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பலா, லட்சத்தீவுப் பக்கம் போகும் கப்பலா என்று முடிவு செய்ய முடியவில்லை. மகன் திருவனந்தபுரம் போகும் பேருந்திலேயே வாந்தி எடுப்பவன். மாமனார் கடல் தொழில் செய்தவர், இப்போது உயிரோடு இல்லை. 66 வயதான மாமியாரோ, "கடலுக்கு யாராவது விளையாடப் போவார்களா?" என்று கேட்டுவிட்டு, பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும்?

அன்புள்ள சகோதரிக்கு,

பயணிகள் கப்பல்களில் விருந்தினர் சேவைப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது நாகர்கோவிலில் பயண ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு" என்ற சொல்தான். உங்கள் மகன் தன் தகப்பனைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவனுக்கு இரண்டு வயது. அதன்பிறகு அவன் அறிந்த அப்பா கைப்பேசித் திரையில் இருக்கிறார். எனவே எந்தக் கப்பல் பெரியது, எது அதிக ஊர்களைக் காட்டும் என்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த நாற்பது நாளில் பிள்ளைகளும் அவரும் அவசரமில்லாமல் சேர்ந்திருக்கும் நேரத்தை எந்தப் பயணம் கூட்டித் தரும் என்று மட்டும் பார்த்து, என் கருத்தைச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கில் சிங்கப்பூர் இந்த ஆண்டு வேண்டாம். அங்கிருந்து புறப்படும் கப்பல்கள் அருமையானவை. நீர்ச்சறுக்கு, பனிச்சறுக்கு அரங்கு, பிள்ளைகளுக்கென்றே தனித் தளம் என்று ஒரு சிற்றூரே மிதந்து வருவதுபோல் இருக்கும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் விமானம், கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு ஒரு விடுதி, போகும்போதும் வரும்போதும் குடிநுழைவு வரிசைகள் என்று, நான்கு இரவுக் கப்பலுக்கு ஒரு வாரம் முழுதாகப் போய்விடும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நான்கு வயதுப் பிள்ளையின் தூக்கம் சீராகும்போது நீங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், திருநெல்வேலி சேவா மையத்துக்குப் போகும் முன் தகப்பனின் ஒப்புதலை முறைப்படி வாங்க வேண்டும். அவர் வெளிநாட்டில் இருக்கும்போது அதற்கே நாள் பிடிக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கப்பல் சிங்கப்பூரை விட்டு வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பினால், நீங்கள் அந்நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகவே கணக்கு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனவர்கள் திண்டாடியதைக் கண்டிருக்கிறேன். பையனுக்கு ஆறு, ஏழு வயதாகட்டும், அப்போது நிதானமாகப் போய் வாருங்கள்.

லட்சத்தீவுப் பக்கம் இரண்டு வகையான பயணங்கள் உண்டு. இரண்டுக்கும் பெயர் கப்பல் பயணம் என்றாலும் தன்மை வேறு. முதலாவது, லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலாப் பிரிவு எம்.வி. கவரத்தி கப்பலில் கொச்சியிலிருந்து நடத்தும் "சமுத்திரம்" என்ற ஐந்து நாள் பயணம். இரவில் கப்பல், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். தீவுகளைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அது அடிப்படையில் தீவு மக்களின் போக்குவரத்துக் கப்பல். நீச்சல் குளமோ சிறுவர் அறையோ அதில் எதிர்பார்க்க முடியாது. அதோடு பவளத்திட்டுக்கு வெளியே நங்கூரமிடும் கப்பலிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் சிறு படகில் மாறித்தான் இறங்க வேண்டும். அந்த மாறுதலைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு அருகே ஒரு கதவு திறக்கும். வெளியே படகு ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். இரண்டு பணியாளர்கள் உங்கள் முழங்கைக்குக் கீழே இறுகப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வந்து ஒரு நொடி நிற்கும்போது "இப்போது" என்பார்கள். அந்த நொடியில் கால் வைக்க வேண்டும். சிறு பிள்ளைகளைக் கைக்குக் கை தூக்கிக் கொடுப்பார்கள். கைகளில் பையோ கைப்பேசியோ இருக்கக் கூடாது. காலில் பின்வார் உள்ள செருப்பு இருக்க வேண்டும். கடலறிந்த பணியாளர்கள் என்பதால் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் முதல் பயணத்திலேயே, தினமும் இரண்டு முறை, முட்டி வலி இருக்கக்கூடிய மாமியாரோடும் நான்கு வயது மகனோடும் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, கொர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் போன்ற சொகுசுக் கப்பல். மும்பையை மையமாக வைத்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்கள் நடக்கும். சில திட்டங்களில் கொச்சியிலேயே ஏறவோ இறங்கவோ முடியும். கால அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், கொச்சி இருக்கும் திட்டத்தைத் தேடி எடுங்கள். எம்பிரஸ் 1990-இல் கட்டப்பட்ட, சுமார் 48 ஆயிரம் டன் கப்பல். சிங்கப்பூர்க் கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது, பழையது. ஆனால் சிறியதாக இருப்பது உங்களுக்கு நல்லதே. ஒன்பது வயதுப் பெண் அரை நாளில் வழி பழகிவிடுவாள். மாமியார் உணவுக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்காது. சைவம், அசைவம் எதுவானாலும் நம் நாட்டுச் சமையல் கிடைக்கும். மூன்று இரவுகள் போதும். லட்சத்தீவில் இங்கும் படகில்தான் இறங்க வேண்டும், கடல் ஏறினால் இறங்கவே விடமாட்டார்கள். அப்படி நேர்ந்தால் ஏமாற்றமாக எண்ணாமல், கப்பலிலேயே ஒரு பகல் கூடுதலாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்க அனுமதிச் சீட்டு தேவை என்பதால், பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாருடைய அடையாள ஆவணங்களையும் முகவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நாளைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: ஏப்ரல் கடைசி வாரம் அல்லது மே முதல் வாரம். கணவர் வந்த முதல் பத்து நாள் உறவினர் வருகைக்கும் கோயிலுக்கும் வீட்டு வேலைகளுக்கும் போய்விடும். மகனும் அந்த நாட்களில்தான் அவரோடு ஒட்டத் தொடங்குவான். கடைசி வாரத்தில் அவர் மனம் பாதி குவைத்துக்குப் போயிருக்கும். கடலின் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்கும் என்றாலும், மே நடுவிலிருந்தே அரபிக்கடல் மாறத் தொடங்கும். 2021-இல் டவ்-தே புயல் மே நடுவில் லட்சத்தீவுக்கு அருகேதான் உருவானது. ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் கள்ளக்கடல் வருகிறதே, கப்பல் ஆடாதா என்று கேட்பீர்கள். கள்ளக்கடல் தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் பலத்த காற்றால் கிளம்பி வரும் நீண்ட அலை. ஆழ்கடலில் அது தாழ்வாகவே கடந்துபோகும். கரையோர ஆழம் குறைந்த இடத்தில்தான் எழும்பி ஊருக்குள் ஏறும். ஆகவே அந்த நாட்களில் பெரிய கப்பலில் இருப்பவரைவிட, கரையில் கால் நனைக்கும் பிள்ளையைத்தான் அதிகம் காக்க வேண்டும்.

மகனின் வாந்தி உண்மையான கவலை. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். காதின் உட்பகுதி ஆட்டத்தை உணர்கிறது, கண் அசையாத சுவரைப் பார்க்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படுவதால் வயிறு புரட்டுகிறது. ஆகவே கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஊஞ்சலின் நடுவே உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவதுபோல் அங்கே ஆட்டம் குறைவு. அணியத்தில், அதாவது முன்பகுதியில், உயரமான தளத்தில் கிடைக்கும் அறை பார்வைக்கு நன்றாக இருக்கும், உங்கள் மகனுக்கு ஆகாது. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இட்லி, கஞ்சி, உப்பு பிஸ்கட் என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். முகம் வெளிறி, கொட்டாவி விட்டு, பேச்சு குறைந்தால் உடனே மேல்தளத்துக்குத் தூக்கிப் போய், காற்றுபட நிறுத்தி, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்குள் படுக்கவைத்து, சமாதானத்துக்குக் கைப்பேசியைக் கையில் கொடுப்பதுதான் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு. மருந்தைப் பொறுத்தவரை குழந்தை மருத்துவரிடம் எடை சொல்லி அளவு எழுதி வாங்குங்கள். பெரியவர்களின் மாத்திரையை ஒடித்துக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை அவர் சொன்னபடி ஒருமுறை திருவனந்தபுரம் பேருந்துப் பயணத்திலேயே கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் அதில் நாள் முழுதும் தூங்குவார்கள், வேறு சிலர் படபடத்துத் தூங்கவே மாட்டார்கள். கப்பலில் ஏறிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். மருந்து புறப்படும் முன்பே கொடுத்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் உடல் பழகிவிடும்.

ஒரு ஒத்திகையும் சொல்கிறேன். கணவர் வந்ததும் ஒரு காலை, எல்லாருமாகக் கன்னியாகுமரிக்குப் போய், பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய் வாருங்கள். சில நிமிடப் பயணம்தான். சிறு படகின் ஆட்டம் பெரிய கப்பலின் ஆட்டத்தைவிடக் கடுமையானது. அதில் மகன் முகம் எப்படி இருக்கிறது, உயிர்காப்பு உடையை மறுக்காமல் போட்டுக்கொள்கிறானா என்று தெரிந்துவிடும். அப்படியே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து திருவள்ளுவர் சிலைக்கும் போகலாம்.

அறை, கட்டணம் பற்றிச் சுருக்கமாக. ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைக்காது. அடுத்தடுத்து இரண்டு அறைகள் எடுத்து, ஒன்றில் மாமியாரும் மகளும், மற்றொன்றில் நீங்கள் மூவரும் தங்குங்கள். மேல்கட்டிலில் மகனைப் படுக்கவைக்க வேண்டாம். இந்த வயதில் பால்கனி அறையும் வேண்டாம், சன்னல் உள்ள அறை போதும். விளம்பரத்தில் வரும் தொகை, இருவர் பகிரும் அறையில் ஒருவருக்கான கட்டணம். துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி., குளிர்பானங்கள், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் அதற்கு மேல். முகவரிடம் "எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு எவ்வளவு, அதில் சேராதவை எவை" என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கப்பல் ஏறியதும் எல்லாக் கைப்பேசிகளையும் விமானப் பயன்முறையில் வையுங்கள். கரையின் சைகை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்து, கேட்காமலே பெருந்தொகை ஏறிவிடும். மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றை ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மட்டிப் பழம் ஒரு சீப்பு எடுத்துப் போகலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால், பயண வழியில் மகனுக்கு அதைவிட நல்ல உணவு இல்லை. கொச்சிக்கு முந்தைய நாளே போய்த் தங்குங்கள், ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பாதுகாப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். டைட்டானிக்கிற்குப் பிறகு 1914-இல் முதன்முதலாக எழுதப்பட்ட பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை பலமுறை புதிதாக எழுதப்பட்டது, அதன் 1974 வடிவம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2012 ஜனவரியில் 32 பேரைப் பலிகொண்ட கோஸ்டா கொன்கோர்டியா விபத்துக்குப் பிறகு, பயணிகளுக்கான அவசரகாலப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனோ நடத்தியாக வேண்டும் என்று ஆயிற்று. அந்தப் பயிற்சியைப் பலர் தொல்லையாக நினைத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பதை மகளையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மகனுக்குச் சிறுவர் அளவிலான உயிர்காப்பு உடை அறையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

ஆனால் என் பதினொரு ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு நேர்ந்த காயங்களில் பெரும்பாலானவை கடலால் வந்தவை அல்ல. கப்பல் அறைக் கதவு தீயைத் தடுக்கும் கனமான கதவு, விட்டால் தானே மூடும். ஒரு பயணத்தில் ஐந்து வயதுச் சிறுமி, பின்னால் வரும் தம்பிக்காகக் கதவின் கீல் பக்கம் கை வைத்துப் பிடித்தாள். அவளுடைய சுண்டுவிரல் நகம் எப்படிக் கறுத்தது என்பது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முதல் நாளே பிள்ளைகளை அந்தக் கதவின் முன் நிறுத்தி, எங்கே கை வைக்கக் கூடாது என்று காட்டுங்கள். குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும், இரவில் அதில் தடுக்கும். பல கப்பல்களில் நீச்சல் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை. கடலோரப் பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்ற துணிச்சலும் உதவாது. பெரியவர் ஒருவர் கைப்பேசி இல்லாமல் குளத்தருகே உட்கார வேண்டும். சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரசுக்குக் கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் போதாது.

அங்கே போனபின் எப்படிப் பொழுதைக் கழிப்பது என்பதற்கு நீண்ட பட்டியல் தரமாட்டேன். தினமும் காலையில் நிகழ்ச்சித் தாள் ஒன்று தருவார்கள். அதிலிருந்து மகள் ஒன்று, மகன் ஒன்று தேர்ந்தெடுக்கட்டும், மற்றதை விட்டுவிடுங்கள். பகல் உணவுக்குப் பிறகு மகன் தூங்கியே ஆக வேண்டும். தூங்காத பிள்ளையோடு இரவு நிகழ்ச்சிக்குப் போனவர்கள் பாதியில் எழுந்து வருவதைத் தினமும் பார்த்தவன் நான். சிறுவர் அறையில் ஒரு மணி நேரம் விடலாம், நாள் முழுதும் விடாதீர்கள். மாலையில் நீங்கள் மாமியாரோடு தேநீருக்கு உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் இருவரையும் அவர்களுடைய அப்பாவோடு மட்டும் தளத்தைச் சுற்றி வர அனுப்புங்கள். பிள்ளை தொலைந்தால் எங்கே நிற்பது, சாப்பாட்டில் காரம் இருக்கிறதா, கழிவறை எந்தப் பக்கம் என்ற சிறு சிறு முடிவுகளை அவரே எடுக்கட்டும். இரண்டு ஆண்டுகளாக அவற்றை நீங்கள் ஒருவரே சுமந்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் மாமியார். அவர் கேட்ட கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, ஒக்கி புயலில் சிக்கிய மீனவர்கள் திரும்புவார்கள் என்று நம் கரையில் பெண்கள் எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதை அவர் கண்டவர். கணவர் கடலுக்குப் போன ஒவ்வொரு இரவும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தவருக்கு, கடல் ஒரு உழைப்பிடம். நானும் முட்டத்துக்கு அருகில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றபோது என் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "இது பெரிய கப்பல், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். அவரிடம் உதவி கேளுங்கள். வாடையும் கொண்டலும் கச்சானும் எந்தப் பக்கத்துக் காற்று, அணியம் எது, பின்பகுதியான அமரம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உங்கள் வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார். மே முதல் வாரத்தில், வானம் தெளிந்த இரவில், ஒன்பது மணியளவில் விளக்கில்லாத தளத்தில் நின்றால் தெற்கே அடிவானத்துக்கு மேலே தென்சிலுவை தெரியும். மாமனார் அதை என்ன பெயரில் அழைத்தார் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் அவர் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் முன்பதிவில் அவருடைய பெயரையும் சேர்த்தே கொடுங்கள். பயண நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் படிப்படியாகக் கூடும். ஒருவர் பெயரைக் குறைந்த இழப்போடு எடுக்கக் கடைசி நாள் எது என்று முகவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அவர் வராவிட்டால் மகளும் உங்கள் அறைக்கே வரும்படி, இரண்டாவது அறையை விடுவிக்க வழி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாறைக்குப் படகில் போகும் காலையில் அவரையும் அழையுங்கள், படகில் ஏறாவிட்டால் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். குறித்த அந்தக் கடைசி நாள் மாலை வரை அவர் பெயரை நீக்க வேண்டாம்.